தலை எண்ணுறதை நிறுத்திட்டாங்க

2024 ஏப்ரல்ல நெட்ஃபிளிக்ஸ் ரிசல்ட் வந்தப்ப ஒரு கூத்து நடந்துச்சு. மூணே மாசத்துல 93 லட்சம் பேர் புதுசா சேந்திருக்காங்க, அனலிஸ்ட்டுங்க எதிர்பார்த்ததுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வருமானமும் ஏறியிருக்கு, லாபமும் ஏறியிருக்கு, எங்க பாத்தாலும் பச்சைதான், ஆனா மறுநாள் மார்க்கெட் முடியும்போது ஷேர் 9 சதவீதம் கீழ. அடுத்த காலாண்டுக்கான வருமானக் கணிப்பு கொஞ்சம் கம்மியா இருந்ததும் ஒரு காரணம்னு சொன்னாங்க, சரி, ஆனா எல்லாரையும் உறுத்தினது ரிசல்ட்டோட ஷேர்ஹோல்டர்களுக்கு போட்ட லெட்டர்ல இருந்த இன்னொரு விஷயம். 2025 முதல் காலாண்டுல இருந்து எத்தனை சந்தாதாரர் இருக்காங்கன்னு காலாண்டுக்கு காலாண்டு சொல்ல மாட்டோம்னுட்டாங்க.

எண்ணிக்கை நல்லா ஏறிட்டு இருக்கும்போதே ஏன் நிறுத்துறான், அப்ப உச்சத்தை தொட்டுட்டான் போல, இனிமே சொல்லிக்கிற மாதிரி இருக்காது போலன்னு ஒரு கூட்டம் சந்தேகப்பட்டுச்சு. எனக்கு அது வேற மாதிரி தெரிஞ்சுச்சு. ஒரு டெக் கம்பெனி தன்னோட பொருளை எப்படி விக்கப்போறோம்னு முடிவு பண்றப்பவே, நம்மள மாதிரி ஷேர் வாங்குறவன் எந்த நம்பரைப் பாத்து சந்தோஷப்படணும் எதைப் பாத்து பதறணும்னும் சேத்தே முடிவு பண்ணிக் குடுத்துடுது, நாமளும் அதையே பிடிச்சுக்கிட்டு காலாண்டுக்கு காலாண்டு காத்திருக்கோம், அப்புறம் விக்கிற விதம் மாறுறப்ப அந்த பழைய நம்பர் கம்பெனி கழுத்தையே பிடிக்குது. நெட்ஃபிளிக்ஸ் 2024ல பண்ணுனது அந்தப் பிடியை விடுவிச்சுக்கிட்ட வேலை.

இதை ரொம்ப சாமர்த்தியமா செஞ்சவங்கன்னா போட்டோஷாப் பண்ற அடோபிதான், அதை மொதல்ல சொல்லிடுறேன்.

நம்ம ஊர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கடைன்னு எங்க போனாலும் ரொம்ப காலம் போட்டோஷாப் 7.0 தான் ஓடிட்டு இருந்துச்சு, சில இடத்துல இன்னமும் ஓடுது. அது 2002ல வந்த வெர்ஷன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின திருட்டு சிடி, அதுக்கு மேல ஒரு பைசா யாரும் அடோபிக்கு குடுத்ததில்ல. காசு குடுத்து வாங்குன அமெரிக்கக்காரனும்கூட ஒரு வெர்ஷனை வாங்கிட்டா அடுத்த ரெண்டு மூணு வெர்ஷனை தாண்டித்தான் திரும்ப பர்சைத் திறப்பான், ஏன்னா இருக்கிறதே நல்லாத்தான வேலை செய்யுது. போட்டோஷாப்போட மத்த சாஃப்ட்வேரும் சேந்த சிஎஸ்6 மாஸ்டர் கலெக்ஷன்னு மொத்தமா வாங்குனா 2,599 டாலர், சும்மாவா. அதனால அடோபி வருமானம் புது வெர்ஷன் வர்ற வருஷம் ஏறும், மத்த வருஷம் படுத்துக்கும்.

2011 கடைசியிலேயே சந்தா மாடலுக்கு போறோம்னு சொல்லிட்டாங்க, 2012ல கிரியேட்டிவ் க்ளவுட்ங்கற அந்த சந்தா வந்துச்சு, 2013 மே மாசம் இனிமே பெட்டியில போட்டு விக்கிற புது வெர்ஷனே கிடையாது, வேணும்னா மாசம் 49.99 டாலர் கட்டுன்னு முடிச்சுட்டாங்க. டிசைனருங்க கொதிச்சுப் போனாங்க, இணையத்துல மனு போட்டு ஆயிரக்கணக்குல கையெழுத்து போட்டாங்க. ஆனா நான் சொல்ல வர்றது அந்தக் கோபத்தைப் பத்தி இல்ல. 2,599 ஒரேயடியா வர்ற இடத்துல வருஷத்துக்கு 600 டாலர் வந்தா கணக்குப் புஸ்தகம் என்ன ஆகும்? அதேதான் ஆச்சு. 2012ல 440 கோடி டாலர் இருந்த வருமானம் 2013ல 405 கோடிக்கு இறங்குச்சு, நிகர லாபம் 83 கோடியில இருந்து 29 கோடிக்கு வந்துடுச்சு. லாபம் மூணுல ஒரு பங்கு ஆயிடுச்சுன்னா சாதாரணமா ஷேரை போட்டு மிதிச்சிருப்பாங்க. நடந்தது என்னன்னா 2012 கடைசியில 38 டாலர் பக்கம் இருந்த ஷேர் 2013 கடைசியில 60 டாலர் கிட்ட நின்னுச்சு.

எப்படி? லாபம் விழும்னு அவங்களே முன்கூட்டி சொல்லிட்டாங்க, சொல்லிட்டு அதுக்கு பதிலா பாக்கறதுக்கு ரெண்டு நம்பரை கையில குடுத்தாங்க. ஒண்ணு சந்தாதாரர் எண்ணிக்கை, 2015 முடிவுக்குள்ள 40 லட்சம்னு டார்கெட்டும் வச்சாங்க. இன்னொண்ணு ஏஆர்ஆர், அதாவது இன்னைக்கு இருக்கிற சந்தா எல்லாம் அப்படியே ஒரு வருஷம் ஓடுனா எவ்வளவு வரும்ங்கற கணக்கு. இது ரெண்டும் காலாண்டுக்கு காலாண்டு ஏறிட்டே இருந்துச்சு, 2013 முடிவுல 14 லட்சம் பேர், 2014 முடிவுல 34 லட்சத்துக்கு மேல. லாபத்தைப் பாத்து அழவேண்டிய கூட்டம் ஏஆர்ஆரைப் பாத்து கை தட்டிட்டு இருந்துச்சு. கிண்டலா சொன்னாலும் அவங்க பொய் சொல்லல, காசு நிஜமாவே பின்னாடி வந்துச்சு, 2024ல அடோபி வருமானம் 2,150 கோடி டாலர். சாந்தனு நாராயண்தான் இது முழுக்க சிஇஓ, ஹைதராபாத்துக்காரர். இன்னைக்கு எந்த சாஃப்ட்வேர் கம்பெனி சந்தாவுக்கு மாறினாலும் அடோபி மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கிறதில்ல.

ஆனா அந்த ஏஆர்ஆர் வந்ததுக்கப்புறம் புராடக்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு பாருங்க. சந்தா வச்சிருக்கிறவன் போயிடக்கூடாது, போனா நம்பர் இறங்கும். 2024 ஜூன்ல அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி அடோபி மேல வழக்கு போட்டுச்சு. மாசாமாசம் கட்டுற மாதிரி தெரியுற பிளான் உண்மையில வருஷ ஒப்பந்தம், நடுவுல நிறுத்துனா மிச்ச மாசங்களுக்கான காசுல பாதியை அபராதமா கட்டணும், அதை சரியா தெரியிற மாதிரி சொல்லல, கேன்சல் பண்ற வழியையும் சுத்தவிட்டாங்கங்கறது குற்றச்சாட்டு. அடோபி அதை மறுத்துச்சு. கோர்ட் விஷயம் எப்படியோ போகட்டும், ஒரு ஸ்கிரீன்ல கேன்சல் பட்டனை எங்க வைக்கிறதுங்கறதை டிசைன் டீம் மட்டும் முடிவு பண்ணல, காலாண்டு அறிக்கையில இருக்கிற ஒரு வரியும் சேந்துதான் முடிவு பண்ணுதுன்னு எனக்கு அந்த வழக்கைப் படிச்சப்ப தோணுச்சு.

சரி, நெட்ஃபிளிக்ஸுக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடிச்ச கதை.

நெட்ஃபிளிக்ஸோட திட்டம் ரொம்ப வருஷமா ஒரே வரிதான். கடன் வாங்கியாவது படம் எடு, உலகம் முழுக்க ஆளைச் சேரு, லாபம் பின்னாடி வரும். விளம்பரம் கிடையாது, ஸ்போர்ட்ஸ் கிடையாது. இந்தத் திட்டத்துக்கு பொருத்தமான நம்பர் தலை எண்ணிக்கைதான், இந்த மூணு மாசத்துல எத்தனை பேர் சேந்தாங்க. அமெரிக்க பங்குச் சந்தையான வால் ஸ்ட்ரீட்டும் அதையே பழகிக்கிச்சு. ஒரு சந்தாதாரர் வந்தா ஒண்ணு, அவர் டெக்சாஸ்ல 2022 விலையில மாசம் 15.49 டாலர் கட்டுறாரா இல்ல மதுரையில 149 ரூபாய்க்கு மொபைல் பிளான் வச்சிருக்காராங்கறதெல்லாம் அந்த எண்ணிக்கையில தெரியாது. 2021 டிசம்பர்ல இந்தியாவுல விலையை குறைச்சாங்களே, 499 ரூபாய் பேசிக் பிளானை 199 ஆக்குனாங்களே, அதுக்குப் பின்னாடி இந்த எண்ணிக்கை பசிக்கும் ஒரு பங்கு இருக்கும்னு நான் நினைக்கிறேன். விலை குறைச்ச அடுத்த மாசமே நெட்ஃபிளிக்ஸை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ரீட் ஹேஸ்டிங்ஸ் முதலீட்டாளர்கள் கிட்ட பேசறப்ப மத்த நாட்டுல எல்லாம் நல்லாப் போகுது, இந்தியாவுல ஏன் அந்த அளவுக்கு எடுபடலங்கறதுதான் வெறுப்பேத்துதுன்னு சொன்னார். நம்மாளுங்க ஒரு அக்கவுண்ட்டை நாலு வீட்டுக்கு ஓட்டுனது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

தெரியும், தெரிஞ்சுதான் விட்டாங்க. 2017ல நெட்ஃபிளிக்ஸே ட்விட்டர்ல காதல்னா பாஸ்வேர்டை பகிர்றதுதான்னு போட்டுச்சு. ஓசியில பாக்கிறவன் நாளைக்கு காசு குடுக்கப்போறவன், விடு பாத்துக்கலாம்னு இருந்தாங்க, ஆளு சேந்துகிட்டே இருக்கிற வரைக்கும் அது ஒரு பிரச்சினையா தெரியல.

2022 ஜனவரியில மொத அடி. அடுத்த காலாண்டுல 25 லட்சம் பேர்தான் சேருவாங்கன்னு கணிப்பு குடுத்தாங்க, ஷேர் ஒரே நாள்ல 20 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அப்ப பில் ஆக்மன்ங்கற பெரிய ஃபண்டு மேனேஜர் இது நல்ல விலைன்னு நூறு கோடி டாலருக்கு மேல போட்டு 31 லட்சம் ஷேர் வாங்குனார். ஏப்ரல் 19, நம்ம ஊர் நேரத்துக்கு அது நடுராத்திரி ஒன்றரை மணி தாண்டி, லெட்டர் வந்துச்சு. 25 லட்சம் கூடும்னு சொன்ன இடத்துல 2 லட்சம் குறைஞ்சிருக்கு. ரஷ்யாவுல கடையை மூடினதால 7 லட்சம் போச்சு, அதை விட்டுட்டுப் பாத்தா 5 லட்சம் கூடியிருக்கும்னு விளக்கம் இருந்துச்சு, ஆனா கீழயே அடுத்த காலாண்டுல இன்னும் 20 லட்சம் குறையும்னும் எழுதியிருந்தாங்க. மறுநாள் ஷேர் 35 சதவீதம் காலி. கிட்டத்தட்ட 5,400 கோடி டாலர் ஒரே நாள்ல ஆவி.

அந்த லெட்டர்ல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, 22 கோடி வீடு காசு கட்டுது, அது போக 10 கோடி வீடு அடுத்தவன் பாஸ்வேர்ட்ல பாக்குதுன்னு. அன்னைக்கு பேசறப்ப ஹேஸ்டிங்ஸ் விளம்பரத்தோட கம்மி விலை பிளானுக்கும் நாங்க தயார்னுட்டார், அத்தனை வருஷமா விளம்பரமே வேணாம்னு இருந்த மனுஷன். ஆக்மன் மறுநாளே எல்லாத்தையும் வித்துட்டு 40 கோடி டாலருக்கு மேல நஷ்டத்தோட கிளம்பிட்டார். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். விளம்பரம், பாஸ்வேர்டுக்கு காசு, இதெல்லாம் நியாயமான முடிவுதான், ஆனா இதனால எதிர்கால சந்தாதாரர் எண்ணிக்கை, வருமானம், லாபம் எப்படி போகும்னு கணிக்க முடியல, அதனால கிளம்புறேன்னார். அதாவது புராடக்டு கெட்டுப்போச்சுன்னு அவர் சொல்லல, எதை வச்சு அளக்கறதுன்னு தெரியலன்னு போனார்! இருந்திருந்தா நல்லா சம்பாதிச்சிருப்பார், அது வேற.

அதுக்கப்புறம் நெட்ஃபிளிக்ஸ் பண்ணுனதை வரிசையா பாத்தா சிரிப்பு வரும். 2022 அக்டோபர்ல இனிமே சந்தாதாரர் எண்ணிக்கைக்கு முன்கணிப்பு குடுக்க மாட்டோம், நடந்ததை மட்டும் சொல்றோம்னாங்க. நவம்பர்ல அமெரிக்காவுல 6.99 டாலருக்கு விளம்பர பிளான் வந்துச்சு. 2023 மே மாசம் அங்க பாஸ்வேர்ட் பகிர்வுக்கு கட்டு போட்டாங்க, வீட்டுக்கு வெளிய ஒரு ஆளைச் சேக்கணும்னா 7.99 டாலர் கூட கட்டு, ஜூலையில நமக்கும் அந்த மெயில் வந்துச்சு, அக்கா வீட்டு டிவியில மாமா அக்கவுண்ட் திறக்கலன்னு அந்த வாரம் எத்தனை குடும்பத்துல போன் பறந்திருக்கும். விளம்பரம் வந்துட்டா ஒரு ஆளுங்கறது ஒரே அளவு காசு கிடையாது, அவர் எவ்வளவு நேரம் பாக்கிறாருங்கறதைப் பொறுத்து மாறும், அதனால தலை எண்ணிக்கை அவங்க புது வியாபாரத்தை சரியா காட்டாதுங்கறது நெட்ஃபிளிக்ஸ் தரப்பு வாதம், அது நியாயம்தான். வருமானத்தையும் ஆப்பரேட்டிங் மார்ஜினையும், அதாவது வருமானத்துல தொழில் செலவு போக நிக்கிற சதவீதத்தையும், பாருங்கன்னாங்க. அந்த மார்ஜின் 2022ல 18 சதவீதம், 2024ல 27 சதவீதம். கடைசியா எண்ணிச் சொன்ன காலாண்டுல 1 கோடியே 89 லட்சம் பேர் சேந்து மொத்தம் 30 கோடியைத் தாண்டியிருந்துச்சு, அவங்க சரித்திரத்துலயே பெரிய காலாண்டு அதுதான். ஜெயிச்ச கையோட சீட்டுக்கட்டை மடிச்சு வச்சுட்டாங்க.

ஆப்பிளும் 2018 நவம்பர்ல இதைத்தான் பண்ணுச்சு, ஐபோன் எத்தனை வித்துச்சுன்னு இனிமே சொல்ல மாட்டோம்னு. அதுக்கு முந்தின வருஷம்தான் 999 டாலருக்கு ஐபோன் எக்ஸ் விட்டிருந்தாங்க, போன் எண்ணிக்கை அப்படியே நிக்குது, விலையை ஏத்தி வருமானத்தை ஏத்துனாங்க, அப்ப எண்ணிக்கையைச் சொன்னா வளர்ச்சி இல்லாத மாதிரிதான தெரியும். சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டியோட பில் போடப் போறப்ப எத்தனை பொருள் இருக்குன்னா கேப்பாங்க, மொத்த மதிப்புதான முக்கியம்னு அப்ப ஆப்பிள் சிஇஓவா இருந்த டிம் குக் விளக்கம் குடுத்தார். ஷேர் ஆறு சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. ரெண்டே மாசத்துல, 2019 ஜனவரி 2ஆம் தேதி, வருமானம் 8,900 கோடி டாலருக்கு மேல வரும்னு சொன்னோம்ல, அது 8,400 கோடிதான்னு லெட்டர் போட்டார், மறுநாள் இன்னொரு 10 சதவீதம் போச்சு. அப்ப தள்ளுவண்டி கதையை நம்புனவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா அதே மாசம் சர்வீசஸ் பிரிவோட லாப விகிதத்தை மொத தடவையா தனியா வெளியிட்டாங்க, 60 சதவீதத்துக்கு மேல, போன் மாதிரி பொருட்கள்ல 34 சதவீதம்தான். மார்ச்சுல டிவி, கேம், கார்டுன்னு சேவைகளுக்குன்னே ஒரு விழா நடத்துனாங்க. பொருள் விக்கிற கம்பெனியா பாத்தவங்களை சந்தா வாங்குற கம்பெனியா பாக்க வச்சாச்சு. அந்த சர்வீசஸ் கணக்குக்குள்ள சஃபாரியில கூகுள் தேடல் இருக்கிறதுக்காக கூகுள் குடுக்கிற காசும் அடக்கம், 2022ல மட்டும் அது 2,000 கோடி டாலர்னு கோர்ட் ஆவணத்துல வெளிய வந்துச்சு.

மெட்டா இதுல தலைகீழ். அவங்க ஒரு நம்பரைப் புதுசா காட்டப்போய் அடி வாங்குனாங்க. 2021 அக்டோபர்ல ஃபேஸ்புக்ங்கற கம்பெனி பேரை மெட்டான்னு மாத்துனாங்க, 2022 பிப்ரவரியில மெட்டாவர்ஸ், விஆர் வேலை பாக்கிற ரியாலிட்டி லேப்ஸ் பிரிவோட கணக்கை மொத தடவையா தனியா காட்டுனாங்க, பாத்தா 2021ல மட்டும் 1,000 கோடி டாலர் நஷ்டம். அதே அறிக்கையில ஃபேஸ்புக்குக்கு தினமும் வர்றவங்க எண்ணிக்கையும் மொத தடவையா லேசா இறங்கியிருந்துச்சு. ஒரே நாள்ல 26 சதவீதம் அவுட். இங்க ஜக்கர்பெர்க்குக்கு ஓட்டுரிமை பாதிக்கு மேல, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு 2023ஐ சிக்கன வருஷம்னு பேர் வச்சார், ஷேர் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆச்சு, இத்தனைக்கும் ரியாலிட்டி லேப்ஸ் அந்த வருஷம் முன்னைவிட அதிகமா, 1,600 கோடி டாலர் முழுங்குச்சு. விழுந்தப்ப அந்த நஷ்டத்தைப் பாத்து பதறுனவங்க, ஏறுறப்ப அதைக் கண்டுக்கவே இல்ல.

சென்னையிலயும் இதோட ரெண்டு முனையும் பக்கத்து பக்கத்துலயே இருக்கு. சென்னையில பிறந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல 36 டாலருக்கு அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தையில பட்டியல் ஆச்சு, இங்க வேலை பாத்த ஐநூறு பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்கன்னு நம்ம பேப்பர்ல எல்லாம் மொத பக்கம். அப்ப அவங்க காட்டுன நம்பர்ல முக்கியமானது, ஏற்கனவே இருக்கிற கஸ்டமர் போன வருஷம் 100 ரூபாய் குடுத்தான்னா இந்த வருஷம் எவ்வளவு குடுக்கிறாங்கறது, அது 118 ரூபாய். சின்னச் சின்ன கம்பெனிக்கு கம்மி விலையில, சேல்ஸ் ஆளே போகாம விக்கிறதுதான் அவங்க பிறந்த விதம், அந்த மாதிரி கஸ்டமர் நெருக்கடி வந்தா மொதல்ல எத்தனை ஆளுக்கு சாஃப்ட்வேர் வாங்குறோம்ங்கற சீட் எண்ணிக்கையைத்தான் குறைப்பான், அந்த 118 இறங்குச்சு, ஷேரும் இறங்குச்சு, பெரிய கம்பெனிகளைப் பிடிக்கிற பக்கம் புராடக்டும் திரும்புச்சு. 2024 நவம்பர்ல 660 பேரை நிறுத்துன அதே நாள் 40 கோடி டாலருக்கு சொந்த ஷேரையே திரும்ப வாங்குறோம்னு அறிவிச்சாங்க, ஷேர் குதிச்சுச்சு. பேர் சொல்லாம, இன்னொரு சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோவை ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு எக்ஸ்ல கடுமையா எழுதுனார், கையில அவ்வளவு காசு வச்சுக்கிட்டு ஆளை நிறுத்திட்டு ஷேர் வாங்குறது பச்சைப் பேராசைன்னு.

வேம்பு அப்படி எழுத முடியும், ஏன்னா ஜோஹோவுக்கு வெளி முதலீட்டாளரே கிடையாது. 2017ல ஜோஹோ ஒன்னுன்னு 35க்கு மேல அப்ளிகேஷனை ஒண்ணா கட்டி ஒரு ஊழியருக்கு மாசம் 30 டாலர்னு விட்டாங்க. பட்டியலான கம்பெனி அதைப் பண்ணியிருந்தா, ஒவ்வொண்ணா வித்தா எவ்வளவு வரும், இப்படி மொத்தமா குடுத்தா ஆளுக்கு எவ்வளவு குறையும், அதை எத்தனை காலாண்டுல ஈடு கட்டுவீங்கன்னு ரிசல்ட் அன்னைக்கு முதலீட்டாளர்களோட பேசுற கான்ஃபரன்ஸ் கால்லயே தொளைச்சு எடுத்திருப்பாங்க. இங்க கேக்க ஆளில்ல. அது நல்லதா கெட்டதாங்கறது தனிப் பஞ்சாயத்து, கேக்க ஆளில்லாம போறதுலயும் ஆபத்து இருக்கு, ஆனா அந்த விலையில அந்தப் பொருள் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப ஏஐ காலத்துல புது நம்பருங்க கிளம்பியிருக்கு. 2025 மே மாசம் கூகுள் சொன்னது, எங்க ஏஐ மாடல்கள் மாசத்துக்கு 480 லட்சம் கோடி டோக்கன், அதாவது ஏஐ படிக்கிற எழுதுற வார்த்தைத் துண்டு, கையாளுதுன்னு, அதுக்கு முந்தின வருஷம் அது 9.7 லட்சம் கோடி. ஜூலையில 980 லட்சம் கோடின்னாங்க. கேக்க பிரமிப்பா இருக்கு, ஆனா டோக்கன் எண்ணிக்கையில காசு கட்டுனவன் கேட்டதும் இருக்கு, நாம சும்மா கூகுள்ல ஏதோ தேடப்போய் நாம கேக்காமலே மேல ஒரு ஏஐ பதில் வருதே அதுவும் இருக்கு, யோசிச்சு பதில் சொல்ற மாடல் உள்ளுக்குள்ள தனக்குத்தானே பேசிக்கிறதும் இருக்கு. இதுல ஒவ்வொண்ணுக்கும் கரண்ட் செலவு உண்டு, வரவு எல்லாத்துக்கும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் பாருங்க, அவங்க க்ளவுட் பிரிவான அஷூர் எத்தனை சதவீதம் வளந்துச்சுன்னு மட்டும் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்துட்டு, 2025 ஜூலையிலதான் மொத தடவையா வருஷத்துக்கு 7,500 கோடி டாலருக்கு மேலன்னு டாலர்ல சொன்னாங்க. டாலர்ல சொல்ல தைரியம் வந்துட்டா சொல்லிடுவாங்க. டோக்கன் கணக்கு இன்னும் எத்தனை காலாண்டுக்கு மேடையில ஓடும்னு தெரியல, அடுத்த ரிசல்ட் ராத்திரி மொதல்ல அந்த வரி இருக்கா இல்லையான்னுதான் தேடப்போறேன், லாபத்தை காலையில காபி குடிச்சுட்டு பாத்துக்கலாம்.